பழைய ரவுட்டரில் ஒரு பாட்டுப் பெட்டி: முழுமையான வழிகாட்டி

ஃபைபர் இணைப்பு எடுத்தால் கம்பெனிக்காரரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார். அதற்கு முன்பு காசு கொடுத்து வாங்கிய ரவுட்டர் பரணுக்குப் போய்விடுகிறது. அந்த ரவுட்டருக்குள் பிராசசர், ரேம், வைஃபை, நல்ல மாடலாக இருந்தால் யூஎஸ்பி துளை எல்லாம் உண்டு. சொல்லப்போனால் அது ஒரு குட்டி லினக்ஸ் கணினி. பாட்டுப் பாட அதில் இல்லாதது சத்தம் வெளியே வரும் வழி மட்டும்தான். அதை ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு தந்துவிடும்.

புளூடூத் ஸ்பீக்கர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். புளூடூத்தில் பாட்டு போனிலிருந்து ஓடுகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வீட்டில் எல்லாம் அமைதி. இங்கே பாட்டை எடுத்துப் பாடுவது ரவுட்டரே. போன் வெறும் ரிமோட். போனை அணைத்துப் போட்டாலும் வானொலி பாடிக்கொண்டிருக்கும். வீட்டில் யார் போனிலிருந்தும் பாட்டை மாற்றலாம்.

ஒன்றை மட்டும் கடைசிவரை மனதில் வையுங்கள். ரவுட்டர் பிராசசர் மெதுவானது. அதற்கு வேலை குறைவாகக் கொடுப்பதுதான் இந்த வேலையின் வித்தை. கீழே நான் சொல்லும் தேர்வுகளில் பாதிக்குக் காரணம் இதுதான்.

எந்த ரவுட்டர் ஆகும், எது ஆகாது

நம்மூரில் பரணைத் தேடினால் முதலில் கிடைப்பது டிபி-லிங்க் டபிள்யூஆர்740என் அல்லது டபிள்யூஆர்841என். இரண்டும் இதற்கு ஆகாது. யூஎஸ்பி துளை கிடையாது. நமக்குக் கிடைக்கிற பெரும்பாலான பதிப்புகளில் ஃபிளாஷ் நினைவகம் 4 எம்பி, ரேம் 32 எம்பிதான். கம்பெனி மென்பொருளுக்குப் பதில் நாம் ரவுட்டரில் ஏற்றப்போகும் இலவச லினக்ஸ் மென்பொருள் ஓப்பன்-டபிள்யூஆர்டி. அந்த அளவுக்கு அதன் இன்றைய வெளியீடுகளே வருவதில்லை. டாங்கிள் செருகிப் பயன்படுத்திய எம்ஆர்3420 பலரிடம் இருக்கும். அதில் யூஎஸ்பி உண்டு, ஆனால் முதல் இரண்டு பதிப்புகள் இதே 4/32 கணக்கு. விட்டுவிடுங்கள்.

குறைந்தது 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம், ஒரு யூஎஸ்பி துளை வேண்டும். 16 எம்பி, 128 எம்பி என்றால் நிம்மதி. இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்வது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, பதிப்பு 2. அதில் 720 மெகாஹெர்ட்ஸ் குவால்காம் பிராசசர், 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம், இரண்டு யூஎஸ்பி 2.0 துளைகள். ஒன்றில் சவுண்ட் கார்டு, இன்னொன்றில் பென்டிரைவ். கணக்கு சரியாக இருக்கிறது. டபிள்யூடிஆர்3600 இருந்தாலும் செய்யலாம். அதிலும் 128 எம்பி ரேம், இரண்டு துளைகள் உண்டு. ஃபிளாஷ் மட்டும் 8 எம்பி என்பதால் கொஞ்சம் இழுபறி. அதற்கு ஒரு வழி கீழே வருகிறது.

ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வெர்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். அதுதான் முக்கியம். ஒரே பெயரில் விற்ற ரவுட்டருக்குள் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே இருப்பதே வேறு. ஆர்ச்சர் சி7 பதிப்பு 5-இல் யூஎஸ்பி துளை ஒன்றுதான். ஒரு பதிப்பின் ஃபைலை இன்னொரு பதிப்பில் ஏற்றினால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும். ஓப்பன்-டபிள்யூஆர்டி தளத்தின் வன்பொருள் பட்டியலில் மாடலையும் பதிப்பையும் போட்டுத் தேடி, ஆதரவு உண்டா என்று பார்த்த பிறகே அடுத்த அடி. ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது பெரும்பாலும் அவர்களுடைய பொருள், பூட்டியும் வைத்திருப்பார்கள்.

ரவுட்டரில் நம் இஷ்டப்படி மென்பொருள் ஏற்ற முடிவதே ஒரு சுவையான வரலாறு. 2002 கடைசியில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸுக்கான ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின்படி மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும் என்று நெருக்க, 2003-இல் கம்பெனி வெளியிட்டது. அதன் மேல்தான் 2004-இல் ஓப்பன்-டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரில் உள்ள டபிள்யூஆர்டி அந்த ரவுட்டருடையதுதான்.

மற்ற சாமான்கள்

யூஎஸ்பி சவுண்ட் கார்டு: விரல் நீளத்தில், ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் இரண்டு 3.5 எம்எம் துளைகளோடு வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் சி-மீடியா சிப் இருக்கும். லினக்ஸ் அதைச் சொல்லிக்கொடுக்காமலே அடையாளம் கண்டுகொள்ளும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க மனமிருந்தால் பிசிஎம்2704 சிப் உள்ள டாக் (இன்னும் தரமான யூஎஸ்பி சவுண்ட் கருவி) வாங்குங்கள். காதுக்கு வித்தியாசம் தெரியும்.

ஸ்பீக்கர்: மின்சாரத்தில் ஓடும், ஆக்ஸ் துளை உள்ள எதுவும் சரி. உள்ளூரில் அசெம்பிள் செய்த பழைய ஹோம் தியேட்டர் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. 3.5 எம்எம் முனையும் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ முனைகளும் உள்ள வயர் ஒன்று போதும்.

இவை போக ஒரு லேன் கேபிள், ஒரு லேப்டாப், விருப்பமிருந்தால் பென்டிரைவ். ரவுட்டரோடு வந்த அடாப்டரைத் தேடி எடுங்கள். ஆர்ச்சர் சி7-க்கு 12 வோல்ட், 2.5 ஆம்பியர். முள் பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்ட் அடாப்டரைச் செருகாதீர்கள்.

ஓப்பன்-டபிள்யூஆர்டி ஏற்றுதல்

ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளை ஃபர்ம்வேர் என்பார்கள். ஓப்பன்-டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் மாடல் பெயரைத் தட்டினால் உரிய ஃபைல்கள் வரும். கம்பெனி மென்பொருளிலிருந்து முதல்முறை மாறுகிறவர்களுக்கு ‘ஃபேக்டரி’ என்று பெயருள்ள ஃபைல் வேண்டும். ‘சிஸ்அப்கிரேடு’ ஃபைல் ஏற்கெனவே ஓப்பன்-டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டருக்கு. சி7 பதிப்பு 2-க்கு அமெரிக்க, ஐரோப்பியப் பதிப்புகளுக்கென்று தனி ஃபேக்டரி ஃபைல்கள் உண்டு. பொதுவான ஃபைலை ரவுட்டர் ஏற்க மறுத்தால் அவற்றைப் பாருங்கள்.

8 எம்பி ரவுட்டர்காரர்கள் இங்கேயே ஒரு வேலை செய்துகொள்ளலாம். அதே பக்கத்தில், ஏற்ற வேண்டிய பேக்கேஜ்களை (கூடுதல் மென்பொருள் தொகுப்புகளை) சேர்த்து ஃபைலைத் தயாரிக்கச் சொல்லும் வசதி உண்டு. அடுத்தடுத்து நான் சொல்லப்போகும் பேக்கேஜ்களை அங்கேயே சேர்த்துவிட்டால், எல்லாம் நன்றாகச் சுருக்கப்பட்டு ஃபர்ம்வேருக்குள்ளேயே உட்காரும். பின்னால் ஒவ்வொன்றாக ஏற்றுவதைவிட இடம் மிச்சம்.

லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரின் லேன் துளையில் இணையுங்கள். வைஃபை வழியாக ஏற்றாதீர்கள். கம்பெனிப் பக்கத்தில் சிஸ்டம் டூல்ஸ், ஃபர்ம்வேர் அப்கிரேடு போய் ஃபைலைக் கொடுங்கள். ஃபைல் பெயர் நீளமாக இருக்கிறது என்று முரண்டு பிடித்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். ஏற்றும் சில நிமிடங்களில் மின்சாரம் போகக் கூடாது, அவ்வளவுதான். இன்வெர்ட்டர் இருந்தால் அந்தப் பிளக்கில் செருகுங்கள்.

தப்பித் தவறி இடையில் நின்றுவிட்டாலும் சி7-க்கு மீட்பு வழி உண்டு. கணினியின் ஐபி முகவரியை 192.168.0.66 என்று வைத்து, டிஎஃப்டிபி சர்வர் (கேபிள் வழியாக ஃபைல் கொடுக்கும் சின்ன மென்பொருள்) ஒன்றை ஓட்டி, ரீசெட் பொத்தானை அழுத்தியபடி ரவுட்டரை ஆன் செய்தால் அது தானாக வந்து ஃபைலை எடுத்துக்கொள்ளும். ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பது உங்கள் மாடலின் பக்கத்தில் இருக்கும்.

ஏறி முடிந்ததும் பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் லூசி என்ற நிர்வாகப் பக்கம் வரும். பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு காலி. முதல் வேலையாக ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். வைஃபை வரவில்லையே என்று பதற வேண்டாம். ஓப்பன்-டபிள்யூஆர்டி வைஃபையை அணைத்தேதான் வரும்.

வீட்டு வைஃபையோடு சேர்த்தல்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் முகவரி மோதல். ஓப்பன்-டபிள்யூஆர்டியின் சொந்த முகவரி 192.168.1.1. உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டியும் அதே வரிசையாக இருந்தால் இரண்டும் மோதும். ஜியோ பெட்டி 192.168.29.1 என்பதால் அங்கே தொல்லை இல்லை. எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், லேன் என்று போய் 192.168.50.1 என்று கொடுங்கள். சேமித்ததும் லூசி ஒரு சோதனை வைக்கும்: 90 விநாடிக்குள் புதிய முகவரியில் உங்களைப் பார்க்காவிட்டால், ‘ஏதோ தவறிவிட்டது’ என்று பழைய முகவரிக்கே திரும்பிவிடும். ஆகவே சேமித்த கையோடு லேன் கேபிளைக் கழற்றிச் செருகி, புதிய முகவரியில் உள்ளே போய்விடுங்கள். சோதனையில்லாமல் மாற்றும் பொத்தானும் அங்கேயே உண்டு.

அடுத்து நெட்வொர்க், வயர்லெஸ். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு எதிரே உள்ள ‘ஸ்கேன்’ பொத்தானை அழுத்தி, வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்து, ‘ஜாயின் நெட்வொர்க்’. பாட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தேவையில்லை. சுவர் தாண்டி வருவதில் 2.4 தான் கெட்டி. நாட்டுக் குறியீட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

ஜாயின் செய்யும் படிவத்தில் ஃபயர்வால் மண்டலம் எது என்று கேட்கும். அது தானாக ‘வேன்’ என்று காட்டும். அதை ‘லேன்’ என்று மாற்றுங்கள். வேன் என்றால் வெளியுலகம் என்று நினைத்து, வரும் கதவுகளையெல்லாம் ஃபயர்வால் சாத்திவிடும். இன்டர்நெட் வரும், பேக்கேஜ் இறங்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆனால் போனிலிருந்து பிளேயரைத் தொட முடியாது. வைஃபைக்குப் பதில் வேன் துளையில் கேபிள் செருகுகிறவர்களுக்கும் இதே சங்கதிதான். வேன் இன்டர்ஃபேசின் ஃபயர்வால் மண்டலத்தை லேன் ஆக்குங்கள்.

லேன் துளைப் பக்கம் டிஹெச்சிபி (செருகும் கருவிக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) ஓடிக்கொண்டிருக்கட்டும். என்றைக்காவது வைஃபை பாஸ்வேர்டு மாறி, பெட்டி தொடர்பில்லாமல் போனால், லேப்டாப்பை அங்கே செருகி 192.168.50.1 வழியாக உள்ளே போகலாம். அந்த லேன் துளையை வீட்டு ரவுட்டரோடு மட்டும் கேபிளால் இணைத்துவிடாதீர்கள்.

கடைசியாக, வீட்டு ரவுட்டரின் பக்கத்தில் இந்தப் பெட்டிக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். உதாரணமாக 192.168.29.60. இல்லாவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் முகவரி மாறி, போன் செயலி தேடிக்கொண்டிருக்கும்.

பேக்கேஜ்கள்

லூசியில் சிஸ்டம், சாஃப்ட்வேர் போய் ‘அப்டேட் லிஸ்ட்ஸ்’ அழுத்துங்கள். பிறகு கீழே உள்ளவற்றைத் தேடி ஏற்றுங்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். பெட்டியில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.

கேமாட்-யூஎஸ்பி-ஆடியோ: சவுண்ட் கார்டுக்கான டிரைவர்.
அல்சா-யுட்டில்ஸ்: லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் கருவிகள். சத்தத்தைச் சோதிக்க, அளவு வைக்க.
எம்பிடி-மினி: பாட்டுப் பாடும் மென்பொருள்.
எம்பிசி: கட்டளை மூலம் எம்பிடியை இயக்க.
நேனோ: ஃபைல் திருத்த.

எம்பிடி 2003 முதல் இருக்கும் மென்பொருள். திரையில் எதுவும் காட்டாது, பின்னணியில் உட்கார்ந்து பாடும். கட்டுப்பாடு வேறோர் இடத்திலிருந்து வரும். அதனால்தான் ரவுட்டருக்கு இவ்வளவு பொருத்தம். எம்பிடி-ஃபுல் என்றும் ஒன்று உண்டு, எல்லா வகை ஃபைலும் பாடும். ஆனால் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் இழுத்துக்கொண்டு வரும், இடம் தின்னும். எம்பி3, ஃபிளாக், ஆக் மூன்றும் போதும் என்றால் மினியே சரி.

காரணம் இடம் மட்டும் இல்லை. இவ்வகை ரவுட்டர் பிராசசர்களில் தசமக் கணக்குப் போடத் தனி வன்பொருள் கிடையாது. தசமக் கணக்கு வந்தால் சுற்றி வளைத்து மென்பொருளால் போட வேண்டும், மூச்சு வாங்கும். எம்பி3-ஐ விரிக்கும் லிப்மேட் முழுக்க முழு எண்களிலேயே கணக்குப் போடுகிறது. அதனால்தான் 720 மெகாஹெர்ட்ஸ் பெட்டி எம்பி3-ஐ அனாயாசமாகப் பாடும்.

சத்தம் வருகிறதா

சவுண்ட் கார்டைச் செருகுங்கள். விண்டோஸ் 10, 11 கமாண்ட் பிராம்ப்டிலேயே எஸ்எஸ்எச் (பெட்டிக்குள் போய்க் கட்டளை தட்டும் வழி) உண்டு. ரூட் என்ற பெயரோடு பெட்டியின் முகவரிக்குப் போங்கள். ஏபிளே என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஹைபன் எல் போட்டால் பட்டியல் வரும். ‘கார்டு 0, யூஎஸ்பி ஆடியோ’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் டிரைவர் வேலை செய்கிறது. வரவில்லையென்றால் ஸ்டேட்டஸ், சிஸ்டம் லாக் பாருங்கள். கார்டைக் கழற்றிச் செருகும்போது அங்கே ஏதாவது புது வரி வர வேண்டும்.

அடுத்து அல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். ‘ஸ்பீக்கர்’ அல்லது ‘பிசிஎம்’ என்று ஒரு தூண் தெரியும். அடியில் எம்எம் என்று இருந்தால் வாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். எம் விசையைத் தட்டினால் திறக்கும். அந்தத் தூணின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோதிக்கப் பாட்டு ஃபைல்கூட வேண்டாம். ஏபிளேவுக்கு, சிடி வடிவத்தில் டெவ் கோப்புறையின் யூரேண்டம் ஃபைலைப் பாடச் சொன்னால் மழை இரைச்சல் போல ஒரு சத்தம் வரும். ஸ்பீக்கர் வால்யூமைக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். இரைச்சல் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்கும்.

எம்பிடிக்குச் சொல்லிக்கொடுத்தல்

இடிசி கோப்புறையில் எம்பிடி.கான்ஃப் என்ற ஃபைலை நேனோவில் திறங்கள். அதில் ஏற்கெனவே நிறைய வரிகள் இருக்கும். தொட வேண்டியவை கொஞ்சம்தான்.

மியூசிக் டைரக்டரி: பாட்டுகள் இருக்கும் இடம். பென்டிரைவ் மவுன்ட் ஆகும் (அதாவது அதன் ஃபைல்கள் வந்து தெரியும்) கோப்புறையைக் கொடுங்கள். வானொலி மட்டும் போதும் என்றால் ஏதாவது ஒரு காலிக் கோப்புறை.

பைண்ட் டு அட்ரஸ்: எந்த முகவரியில் காது கொடுக்க வேண்டும் என்பது. லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தால் தன் குரலை மட்டுமே கேட்கும், 0.0.0.0 என்று மாற்றுங்கள். போர்ட் 6600.

ஸ்டேட் ஃபைல்: என்ன பாடிக்கொண்டிருக்கிறோம் என்று எம்பிடி அடிக்கடி குறித்துவைக்கும் ஃபைல். இதை டெம்ப் கோப்புறையில் வைக்கச் சொல்லுங்கள். அது ரேமில் இருப்பது, ஃபிளாஷ் தேயாது. கரண்ட் போனால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும்தான், ஆனால் அதிலும் ஒரு நன்மை: இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் பெட்டி பாதியில் விட்ட பாட்டை உரக்கத் தொடங்கி வீட்டையே எழுப்பாது.

ஆடியோ அவுட்புட்: அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதி. வகை அல்சா. டிவைஸ் என்ற வரியில் எச்டபிள்யூ, முக்காற்புள்ளி, 0,0. ‘பிளக்’ என்ற சொல் முன்னால் சேர்ந்தால் அல்சா நடுவில் புகுந்து ஒலியின் சாம்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஒலித் துணுக்குகள் என்பதை) மாற்றும். அதைத் தவிர்க்கத்தான் நேரடியாக எச்டபிள்யூ. மிக்சர் டைப் ஹார்டுவேர், மிக்சர் கன்ட்ரோல் நீங்கள் குறித்துவைத்த தூணின் பெயர். வால்யூமை சவுண்ட் கார்டே பார்த்துக்கொள்ளும். ரவுட்டருக்கு அந்த வேலையும் மிச்சம்.

சேமித்துவிட்டு லூசியில் சிஸ்டம், ஸ்டார்ட்அப் போய் எம்பிடியை எனேபிள் செய்து, ரீஸ்டார்ட் அழுத்துங்கள். ஓடவில்லையென்றால் சிஸ்டம் லாக் காரணத்தைச் சொல்லிவிடும். பெரும்பாலும் மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் கோப்புறைக்கு எழுதும் அனுமதி இருக்காது.

போனில் மால்ப் என்ற ஆண்ட்ராய்டு செயலியை இறக்கி, பெட்டியின் முகவரியையும் 6600 என்ற போர்ட்டையும் கொடுங்கள். இணைந்துவிடும். எம்பிடிக்கு நாம் பாஸ்வேர்டு எதுவும் வைக்கவில்லை. வீட்டுக்குள் பரவாயில்லை, ஆனால் வெளியிலிருந்தும் இயக்கலாமே என்று வீட்டு ரவுட்டரில் 6600-ஐத் திறந்துவிடாதீர்கள்.

பென்டிரைவ்

கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், பிளாக்-மவுன்ட் இரண்டும் கட்டாயம். பென்டிரைவ் ஃபேட்32 என்றால் கேமாட்-எஃப்எஸ்-விஃபேட், இஎக்ஸ்டி4 என்றால் கேமாட்-எஃப்எஸ்-இஎக்ஸ்டி4. பிறகு சிஸ்டம், மவுன்ட் பாயின்ட்ஸ் பக்கத்தில் டிரைவைத் தேர்ந்தெடுத்து எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று சொல்லலாம்.

ஃபேட்32-இல் தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரியும். கேமாட்-என்எல்எஸ்-யூடிஎஃப்8 ஏற்றி, மவுன்ட் ஆப்ஷனில் ‘ஐஓகேர்செட்’ சமம் ‘யூடிஎஃப்8’ என்று எழுதினால் தமிழ் ஒழுங்காக வரும். அதே இடத்தில் ‘ஆர்ஓ’ என்றும் சேர்த்துவிடுங்கள். படிக்க மட்டும் என்று பொருள். கரண்ட் எத்தனை முறை பட்டென்று போனாலும் டிரைவ் கெடாது.

மால்ப்பில் பாட்டுப் பட்டியலைப் புதுப்பித்ததும் இன்னொரு வேடிக்கை தெரியும். இணையத்தில் அங்கங்கே இறக்கிய எம்பி3-களில் பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு தளத்தின் முகவரி இருக்கும். பாடகர் வரிசையில் போனால் இளையராஜாவே அகப்பட மாட்டார். பிக்கார்டு என்ற இலவச மென்பொருளால் கணினியில் சரிசெய்யலாம். பொறுமை இல்லாதவர்கள் கோப்புறை வரிசையில் பார்த்துக்கொள்ளலாம். நான் அந்தக் கட்சி.

இணைய வானொலி

எம்பிடிக்கு ஒரு நிலையத்தின் ஸ்ட்ரீம் முகவரி கிடைத்தால் போதும். பிளேலிஸ்ட் கோப்புறையில் ‘ரேடியோ.எம்3யூ’ என்று ஒரு ஃபைல் போட்டு, வரிக்கு ஒரு முகவரியாக எழுதுங்கள். 128 கேபிபிஎஸ் நிலையம் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 58 எம்பி டேட்டா எடுக்கும். ஃபைபர் இணைப்பில் இது ஒன்றுமே இல்லை.

எம்பி3 ஸ்ட்ரீம் தரும் நிலையங்கள் உடனே பாடும். முகவரி ‘எம்3யூ8’ என்று முடிந்தால் அது துண்டு துண்டாக அனுப்பும் வேறு வகை, உள்ளே ஏஏசி என்ற வேறு ஒலி வடிவம் இருக்கும். எம்பிடி-மினிக்கு அது புரியாது. அந்த நிலையம்தான் வேண்டும் என்றால் எம்பிடி-ஃபுல் ஏற்ற வேண்டும், அதற்கு 16 எம்பி ஃபிளாஷ்கூடப் பற்றாமல் போகலாம். பல நிலையங்கள் இரண்டு வகையிலும் தருகின்றன. எம்பி3 முகவரியைத் தேடிப் பிடிப்பது சுலபம்.

எச்டிடிபிஎஸ் முகவரியில் இன்னொரு சங்கதி உண்டு. ரவுட்டருக்குள் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் சிறிது நேரம் அது பழைய தேதியிலேயே இருக்கும். அப்போது சான்றிதழ் செல்லாது என்று நிலையம் பாடாது. இணையத்திலிருந்து நேரம் வாங்கியதும் சரியாகிவிடும். ஆகவே கரண்ட் வந்த உடனே பாடவில்லை என்று எதையும் திருத்தப் போகாதீர்கள்.

போன் இல்லாமல் இயக்க

வீட்டில் பெரியவர்களுக்குச் செயலியெல்லாம் பிடிக்காது. அவர்களுக்காக நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது யூஎஸ்பி நம்பர் பேட். கடைக்காரர்கள் கம்ப்யூட்டர் பில் போடப் பயன்படுத்தும் அந்தச் சின்னக் கட்டைதான். அதையும் சேர்த்துச் செருக ஒரு யூஎஸ்பி ஹப் தேவைப்படும்.

கேமாட்-யூஎஸ்பி-எச்ஐடி, டிரிகர்ஹேப்பி இரண்டையும் ஏற்றுங்கள். இடிசியில் டிரிகர்ஹேப்பி கோப்புறைக்குள் ‘டிரிகர்ஸ்.டி’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு ஃபைல் உருவாக்கி, வரிக்கு மூன்று விஷயம் எழுத வேண்டும்: விசையின் பெயர், 1, செய்ய வேண்டிய கட்டளை. கேபி1 விசைக்கு ‘எம்பிசி பிளே 1’, கேபி2-க்கு ‘எம்பிசி பிளே 2’ என்று நிலையங்களின் வரிசைப்படி. கூட்டல் விசைக்கு ‘எம்பிசி வால்யூம் +5’, கழித்தலுக்கு -5, என்டருக்கு ‘எம்பிசி டாகிள்’. விசைப் பெயர்களுக்கு முன்னால் ‘கீ’ என்ற சொல்லும் அடிக்கோடும் வர வேண்டும். இந்த விசைப் பெயர்கள் மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில்.

ஸ்டேட் ஃபைலை ரேமில் வைத்ததால், பெட்டி எழுந்ததும் வரிசை காலியாக இருக்கும். சிஸ்டம், ஸ்டார்ட்அப், லோக்கல் ஸ்டார்ட்அப் பெட்டியில் எக்ஸிட் வரிக்கு மேலே, 30 விநாடி காத்திருந்து ‘எம்பிசி லோடு ரேடியோ’ என்று இரண்டு வரி எழுதிவிட்டால் நிலையங்கள் தயாராக நிற்கும். ஒவ்வொரு விசையிலும் நிலையத்தின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினால் போதும்.

சிஸ்டம், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பக்கத்தில் நேரம் குறித்துப் பாடவைக்கவும் முடியும். மார்கழியில் காலை 4.30-க்குத் திருப்பாவை வேண்டும் என்றால் 30, 4, பிறகு மூன்று நட்சத்திரக் குறிகள், கடைசியில் எம்பிசி கட்டளை. அதற்கு முன் நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது யூடிசியிலேயே (உலகப் பொது நேரம்) இருந்தால் திருப்பாவை காலை பத்து மணிக்குத்தான் பாடும்.

சத்தத்தில் கோளாறு

மடமடவென்று வெடிப்பு: விலை குறைந்த சவுண்ட் கார்டுகள் பழைய 12 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடுபவை. சில ரவுட்டர்களின் யூஎஸ்பி துளைக்கும் அவற்றுக்கும் ஒத்துப்போவதில்லை. நடுவில் ஒரு யூஎஸ்பி 2.0 ஹப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விட்டு விட்டுப் பாடுதல்: வைஃபை சிக்னல் பலவீனம். பென்டிரைவ் பாட்டு ஒழுங்காக ஓடி, வானொலி மட்டும் திக்கினால் இதேதான். பெட்டியை இடம் மாற்றுங்கள். மரப்பெட்டிக்குள் அழகாக வைக்கிறவர்கள் காற்றுப் போக ஓட்டை விடுங்கள். இரும்புப் பெட்டி வேண்டவே வேண்டாம், ஆண்டெனாவுக்கு வழி அடைபடும்.

‘ங்ங்ங்’ என்ற முரலல்: ரவுட்டரும் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு வழியாக எர்த் தொடர்பு கொண்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்சில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் ‘கிரவுண்டு லூப் ஐசோலேட்டர்’ என்று ஒரு சின்ன உருளை கிடைக்கும், ஆக்ஸ் வயரின் நடுவே போடுவது. பிஏஎம்8403 போன்ற குட்டி ஆம்ப்ளிஃபையர் போர்டை வைத்து ஸ்பீக்கர் செய்கிறவர்கள், அதற்கு 5 வோல்ட்டை ரவுட்டரின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காமல் தனி சார்ஜரிலிருந்து எடுங்கள். ரவுட்டரிலிருந்து எடுத்தால்தான் வைஃபை பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு பறக்கும் சத்தம் வருகிறது.

ஐபோன் வீடுகளுக்கு

ஷேர்போர்ட்-சிங்க் பேக்கேஜை ஏற்றினால் ஐபோனின் ஏர்பிளே (வைஃபை வழியாக வேறு கருவியில் பாடவைக்கும் வசதி) பட்டியலில் இந்தப் பெட்டி தெரியும். பழைய ஏர்பிளே முறை மட்டும் போதும். ஏர்பிளே 2 இந்தப் பிராசசருக்குப் பாரம். நாம் சவுண்ட் கார்டை நேரடியாக எச்டபிள்யூ என்று கொடுத்திருப்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாட முடியும். ஏர்பிளே வேண்டும்போது எம்பிடியை நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு, படம் பகிரும் முறை) செயலி வைத்திருப்பவர்கள் அப்எம்பிடிசிஎல்ஐ பேக்கேஜைப் பார்க்கலாம், அது எம்பிடி மூலமே பாடுவதால் இந்த மோதல் வராது.

எல்லாம் சரியாக ஓடியதும்

சிஸ்டம், பேக்கப் பக்கத்தில் ‘ஜெனரேட் ஆர்க்கைவ்’ அழுத்தி ஒரு பிரதியைக் கணினியில் வையுங்கள். அமைப்புகள் அதில் இருக்கும், பேக்கேஜ்கள் இருக்காது. டிரிகர்ஹேப்பிக்கு நீங்கள் எழுதிய ஃபைல் தானாகச் சேராமல் போகலாம் என்பதால், அதே பக்கத்தின் கான்ஃபிகரேஷன் பட்டியலில் அதன் பாதையைச் சேர்த்துவிடுங்கள். ஓப்பன்-டபிள்யூஆர்டி புதிய வெளியீட்டுக்குப் போகும்போது பேக்கேஜ்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். ‘அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு’ வழியாகப் போனால் உங்கள் பேக்கேஜ்களோடு சேர்த்தே புதிய ஃபைலைத் தயாரித்துக் கொடுக்கும். ஏற்றிய பேக்கேஜ்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியிலேயே ஒட்டிவைப்பதும் நல்லது; எந்தச் சவுண்ட் கார்டு தூண், எந்த மவுன்ட் ஆப்ஷன் என்பதெல்லாம் அடுத்த வருடம் உங்களுக்கே ஞாபகம் இருக்காது.